தோலை முதலில் வாங்குங்கள், உளியை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: மடிப்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். எட்டடிக்குப் பத்தடி அறை ஒன்று சும்மா கிடக்கிறது. சனி, ஞாயிறுகளில் தோலில் பர்ஸ், பெல்ட் எல்லாம் கையாலேயே செய்து பழக ஆசை. ஆன்லைனில் 46 கருவிகள் கொண்ட செட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதை வாங்கலாமா? அறையை எப்படி அமைப்பது? வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறாள். கீழ்வீட்டில் வயதானவர்கள்.

பதில்: அந்த செட்டை வாங்காதீர்கள். நானும் அப்படி ஒன்று வாங்கியவன்தான். அதில் இன்றும் என் கையில் புழங்குபவை ஐந்தோ ஆறோ. மீதியெல்லாம் பூ, இலை, குதிரை லாடம் என்று தோலில் பதிக்கும் அச்சுகள். சாதாரணப் பர்ஸ் செய்பவருக்குக் குதிரை லாடம் எதற்கு? எந்தத் தோலில் வேலை செய்யப் போகிறீர்கள் என்பது முடிவானால், எந்தக் கருவி வேண்டும், மேசை எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் முக்கால்வாசி தானாகவே முடிவாகிவிடும். அதனால் தோலிலிருந்தே தொடங்குகிறேன்.

கடையில் கிடைக்கும் தோலைப் பதனிட்ட விதத்தை வைத்து இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, மரப்பட்டை, காய் போன்றவற்றின் துவர்ப்புச் சத்தில் பதனிட்டது. இன்னொன்று, குரோமிய உப்பில் பதனிட்டது. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால்தான். குரோம் தோல் மெத்தென்று இருக்கும், தண்ணீருக்கு அவ்வளவாகப் பயப்படாது. கைப்பைக்கும் ஜாக்கெட்டுக்கும் நல்லது. ஆனால் வெட்டிய ஓரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்க முடியாது. பெயின்ட் பூச வேண்டும், இல்லையென்றால் ஓரத்தை மடித்து ஒட்ட வேண்டும். இரண்டுமே புதியவருக்குச் சிரமம். பட்டைத் தோல் விறைப்பானது. மடித்தால் மடிப்பு நிற்கும், ஈரம் தொட்டுத் தேய்த்தால் ஓரம் கண்ணாடி மாதிரி வழவழப்பாகும், கோடு கிழித்தால் கோடு தெரியும். பழக இதுதான் சரி.

இந்த விஷயத்தில் நம் ஊருக்குக் கொடுப்பினை உண்டு. ஈ.ஐ. தோல் என்று வியாபாரிகள் சொல்லும் கிழக்கிந்தியத் தோல் தமிழ்நாட்டுச் சரக்கு. ஆவாரம் பட்டையில் ஊறவைத்து, கடுக்காய் நீரில் முடிப்பது அதன் பழைய முறை. பிறகு ஆவாரம் பட்டையின் இடத்தை வேட்டில் மரப்பட்டை பிடித்துக்கொண்டது. இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வரை நீங்கள் அலைய வேண்டாம். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பெரியமேட்டுத் தோல் கடைகளிலேயே கேட்டுப் பாருங்கள். ‘செமி குரோம்’ என்று ஒன்றைக் காட்டினால், அது ஈ.ஐ. தோலை மறுபடி குரோமில் போட்டு எடுத்தது. மோசமில்லை, ஆனால் முதல் தோலாக வேண்டாம்.

சாயம் ஏற்றாத தோலாக எடுத்தால் கடையிலேயே சோதிக்கலாம். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம். உள்ளே முழுக்கப் பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் பட்டைத் தோல் சட்டென்று குடித்துக் கறுக்கும். அப்புறம் முழுத் தோலையும் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். முதுகுப் பகுதி இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பகுதி இழுபடும். பெல்ட்டை முதுகெலும்பின் வாக்கில்தான் வெட்ட வேண்டும். நான் செய்த முதல் பெல்ட்டில் வயிற்றுப் பக்கம் கலந்துவிட்டது. மூன்று மாதத்தில் நீண்டு கோணிப் போனது. நம் மாட்டுத் தோல்களில் உண்ணி கடித்த புள்ளி, முள்கம்பிக் கீறல், சூடு போட்ட தழும்பு எல்லாம் சகஜம். தழும்பு இருக்கிறதே என்று ஒதுக்காதீர்கள். அதைச் சொல்லி விலையைக் குறைத்து வாங்கி, சின்னச் சின்னத் துண்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் கோட்டைவிடுவது தடிமனில்தான். மடிக்கும் பர்ஸ் ஒன்றில் வெளித்தோல், உள்தோல், வங்கி அட்டை செருகும் பைகள் மூன்று என்று ஐந்து அடுக்கு ஒரே ஓரத்தில் சேர்கிறது என்று வையுங்கள். எல்லாம் 2 மி.மீ. என்றால் ஒரு பக்கம் 10 மி.மீ. மடித்தால் 20. உள்ளே ஒரு அட்டைகூட இல்லாமலே பாக்கெட்டில் செங்கல்! வெளித்தோல் 1.2, மற்ற நான்கும் 0.8 என்றால் ஒரு பக்கம் 4.4, மடித்தால் 9-க்குள் அடங்கும். பெல்ட்டுக்கு நேர்மாறாக 3.5 முதல் 4 மி.மீ. வேண்டும். கேட்ட தடிமனுக்குச் சீவித் தருவார்களா என்று கடையில் விசாரியுங்கள். வீட்டில் கத்தியால் முழுத் தோலையும் சீராகச் சீவுவது புதியவரால் ஆகாது. அளவுக்கு வெளிநாட்டுப் படங்களை அப்படியே பின்பற்ற வேண்டாம். நம் 500 ரூபாய் நோட்டு 150-க்கு 66 மி.மீ., வங்கி அட்டை 85.6-க்கு 54. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு முதலில் காகித அட்டையில் மாதிரி வெட்டிப் பாருங்கள்.

சரி, கருவிக்கு வருவோம். நல்ல கட்டர் கத்தி, இரும்பு ஸ்கேல், கட்டிங் மேட், கோடு இழுக்க டிவைடர், தையல் துளைக்கான பல் உளி (பர்ஸுக்கு 3 அல்லது 4 மி.மீ. இடைவெளி), அதை அடிக்கத் தச்சர்கள் வைத்திருக்கும் மரச் சுத்தியலான கொட்டாப்புளி, ஒரு குத்தூசி, முனை மழுங்கிய ஊசி இரண்டு, மெழுகு ஏற்றிய பாலியஸ்டர் நூல், உப்புத்தாள். ஆரம்பத்துக்கு இவ்வளவே போதும். கூரான தையல் ஊசி வேண்டாம், எதிர்நூலைக் குத்திப் பிளந்துவிடும். நீங்கள் கையால் போடப்போவது சேணத் தையல். அது ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராகச் செலுத்துவது. தையல் மெஷின் போடும் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும். ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் பிரியத் தொடங்கும். சேணத் தையலில் ஒரு நூல் அறுந்தாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். நூல், தைக்கும் நீளத்தைப்போல் நான்கு மடங்கு, ஊசிக்கு இன்னும் கொஞ்சம். 20 செ.மீ. தைக்க ஒரு மீட்டர்.

இனி அறை. ஜன்னல் ஓரத்தில் மேசை. வலக்கைக்காரர் என்றால் வெளிச்சம் இடப்பக்கம் இருந்து வரட்டும். வெட்டுவது நின்றுகொண்டு, தைப்பது உட்கார்ந்துகொண்டு. அதனால் மேசையை இடுப்பு உயரத்துக்குப் போட்டுவிட்டு, தைக்கத் தனியாக ஒரு நாற்காலி வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்குச் செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் சொல்யூஷன் என்றால், அதன் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், தீயும் பற்றும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அந்த அறையில் விளக்கு ஏற்றக் கூடாது. குழந்தை இருக்கும் வீட்டில் தண்ணீரில் கரையும் பசையே நல்லது. காய நேரமாகும், அவ்வளவுதான். கத்தி, குத்தூசி, உளி மூன்றும் பூட்டுப் போட்ட பெட்டியில்.

கீழ்வீட்டுக்காரர்களுக்காக: மேசையின் நடுவில் வைத்து அடிக்காதீர்கள், காலுக்கு நேர் மேலே வைத்து அடியுங்கள். சமையலறை மேடை போடுகிறவர்களிடம் வெட்டி மிஞ்சிய கடப்பா கல் துண்டு ஒன்று வாங்கி, அதன் அடியில் கனமான ரப்பர் விரிப்பு, மேலே கட்டிங் மேட். மேசைக் கால்களுக்கு அடியிலும் ரப்பர். சத்தம் நன்றாகக் குறையும். துளையிடும் வேலையை மட்டும் சேர்த்து வைத்துச் சாயங்காலம் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, மதியத் தூக்க நேரத்தில் தைத்துக்கொண்டிருங்கள்.

அந்த அறையில் உண்மையான எதிரி ஐப்பசி அடைமழை. பட்டைத் தோலில் பூஞ்சை பூக்க நாலு நாள் ஈரக் காற்று போதும். பாலிதீன் பையில் போட்டு மூடினால் இன்னும் மோசம். மேல்பக்கம் வெளியே தெரியும்படி சுருட்டி, பழைய வேட்டியில் சுற்றி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில், மழைநீர் ஊறாத உள்சுவர்ப் பக்கம் வையுங்கள். மடித்து வைத்தால் மடிப்புக் கோடு போகவே போகாது. வெயில் படும் இடமும் ஆகாது. ஒருமுறை தோலின் மேல் ஸ்கேலை மறந்து வைத்துவிட்டுப் போனேன். மற்ற இடமெல்லாம் கறுத்து, ஸ்கேலின் நிழல் மட்டும் வெளுப்பாக நின்றது. தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். அள்ளித் தடவினால் திட்டுத் திட்டாகக் கறுத்துத் தொளதொளத்துப் போகும்.

இன்னொன்று. இரும்பை அராவுவது, கத்தி தீட்டுவது எதையும் தோல் மேசையில் செய்யாதீர்கள். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்கள் இல்லையா? பட்டைத் தோலில் இருப்பதும் அதே துவர்ப்புதான். ஈரத் தோலில் ஒரு துளி இரும்புத் தூள் விழுந்தால் அங்கே மை தயாராகிவிடும். புதுக் கறை என்றால் எலுமிச்சைச் சாறு ஓரளவு எடுக்கும்.

முதல் வேலையாக, இரண்டே துண்டு தோலில் மூன்று பக்கம் தைக்கும் வங்கி அட்டை உறை ஒன்று செய்யுங்கள். அதையே நான்கைந்து தடவை செய்யுங்கள். பர்ஸ் அப்புறம், பெல்ட் அதற்கும் அப்புறம். வெட்டி மிஞ்சும் பட்டைத் தோல் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்; சாயம் பார்க்கவும் துளை பழகவும் உதவும். குரோம் துண்டுகள் சேர்ந்தால் குப்பையோடு போட்டுக் கொளுத்த மட்டும் வேண்டாம், அதிலுள்ள குரோமியம் எரியும்போது நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும்.