தையல் மிஷின் மோட்டாரும் மூளைக்கட்டி பயமும்: ஆம்பூர் சகோதரிக்கு

சகோதரி, ஷூ கம்பெனியில் ஒன்பது வருடமாகத் தையல் மிஷினில் உட்காருகிறேன், மோட்டாரின் காந்தப்புலத்தால் மூளையில் கட்டி வருமா, இப்போது வரும் தலைவலி அதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வாணியம்பாடிப் பக்கம் இதே மோட்டார்களைப் பழுது பார்த்தவன், உங்கள் பயம் புரிகிறது.

2002-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் காந்தப்புலத்தைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பிரிவில் வைத்தது உண்மைதான், ஆனால் அது முக்கியமாகக் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் ஆய்வுகளை வைத்து. 2014-இல் வெளிவந்த ஏழு நாட்டு ஆய்வில், வேலைக்காலம் முழுக்க உடலில் பட்ட காந்தப்புலத்தின் மொத்த அளவுக்கும் மூளைக்கட்டிக்கும் தொடர்பு தெரியவில்லை. நோய் தெரிவதற்கு முந்தைய 1 முதல் 4 வருடங்களில் அதிகம் பட்டவர்களிடம் மட்டும் க்ளையோமா என்ற ஒரு வகை மூளைக்கட்டி கூடுதலாகத் தெரிந்தது, அதையும் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

அப்புறம், மோட்டார் இருப்பது மேசைக்கு அடியில், தொடைப் பக்கம். தள்ளிப்போகப் போக புலம் வேகமாகக் குறையும், தலைக்கு வருவது கொஞ்சம்தான். பழைய கிளட்ச் மோட்டார் தைக்காதபோதும் ஓடிக்கொண்டே இருக்கும், சும்மா இருக்கும்போது சுவிட்சை அணையுங்கள். சர்வோ மோட்டார் மிதித்தால்தான் ஓடும், அதை மாற்றித் தர முடியுமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டுப் பாருங்கள்.

தலைவலிக்கு எனக்கு முதல் சந்தேகம் பசை வாடை. பக்கத்தில் பசை தடவும் மேசை இருக்கிறதா, காற்றாடி வேலை செய்கிறதா, லீவு நாளில் வலி குறைகிறதா என்று கவனியுங்கள். கண்ணையும் சோதியுங்கள். ஆனால் காலையில் வலியோடு வாந்தி, வலிப்பு, பார்வை மங்கல், ஒரு பக்கக் கை கால் பலவீனம் இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் அன்றே வேலூர் சி.எம்.சி.க்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ கிளம்பிவிடுங்கள், இ.எஸ்.ஐ. அட்டையையும் எடுத்துக்கொண்டு.