கடலில் ஒருநாள் படகு: நம்ம ஊர்க்காரர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

ஒகேனக்கல் பக்கத்து ஊட்டமலையில் அப்பாவோடு பரிசல் தள்ளி வளர்ந்தவன் நான். பிறகு பரங்கிப்பேட்டையில் பதினோரு வருடம் பைபர் படகுகளுக்கு எஞ்சின் வேலை பார்த்தேன். இப்போது தருமபுரியில் இருக்கிறேன். மே விடுமுறைக்குக் கடலில் படகு எடுக்கலாமா என்று நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்காரர்களும் கேட்டவை இவை. கேட்டவர் ஊர் முன்னால் இருக்கிறது.

அரூர்: குடும்பமாகப் பத்துப் பேர். யாரும் கடலில் போனதில்லை. எங்கே போகலாம்?

பிச்சாவரம். சிதம்பரத்துக்குப் பக்கம், ஊத்தங்கரை, திருவண்ணாமலை வழியாக இறங்கலாம். சுரபுன்னைக் காட்டுக்குள் வாய்க்கால் வாய்க்காலாகப் போகும் உப்புத் தண்ணீர், அலை கிடையாது. சுற்றுலா வளர்ச்சிக் கழகமே துடுப்புப் படகும் மோட்டார் படகும் விடுகிறது. காலை ஏழு எட்டு மணிக்கு நில்லுங்கள். வெயில் ஏறினால் குழந்தைகள் அழுவார்கள், நீங்களும் அழுவீர்கள்.

கிருஷ்ணகிரி: ஒருநாள் வாடகை எவ்வளவு?

நான் இன்று சொல்லும் தொகை நீங்கள் போகும்போது பொய்யாகியிருக்கும். கவுன்டரில் பலகை இருக்கும், பாருங்கள்.

பாலக்கோடு: மீன்பிடிப் படகுக்காரர் ஒருவர் மே மாதம் நாள் முழுக்க நடுக்கடலுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்கிறார். நம்பலாமா அண்ணா?

தம்பி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக்கிடக்கும். கையில் வேலையில்லாத நேரத்தில்தான் இந்த மாதிரி அழைப்பு வருகிறது. அந்தப் படகு மீன் பிடிக்கப் பதிவானது, ஆளை ஏற்றி வாடகைக்கு ஓட்ட அல்ல. ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர் உங்கள் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார்.

அனுமதியுள்ள படகானாலும் ஏறுமுன் மூன்று விஷயம் பாருங்கள். எஞ்சின் நின்றால் மாற்று என்ன, இரண்டாவது எஞ்சினா, துடுப்பா? ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? நங்கூரக் கயிறு எங்கே கட்டியிருக்கிறது? அணியத்தில், அதாவது முன்பக்கம் கட்டியிருக்க வேண்டும். அமரத்தில், பின்பக்கம் கட்டி நங்கூரம் போட்டால் அலை பின்னால் ஏறிப் படகை நிரப்பிவிடும்.

இன்னொன்று, இதை எல்லோரிடமும் சொல்வேன்: மதியத்துக்குள் கரை. காலையில் கடல் தகடு மாதிரி கிடக்கும். நிலம் சூடானதும் கடல்காற்று எழும்பும். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் வற்றம் வாங்கினால், அதாவது கடல் மட்டம் இறங்கினால், ஆற்றுத் தண்ணீர் வெளியே ஓட, காற்று உள்ளே தள்ள, ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் அலை செங்குத்தாக நிற்கும்.

ஒரு மாசி மாதம் வெள்ளாற்று முகத்துவாரத்தில் எங்கள் புரொப்பல்லரில் நைலான் வலைத்துண்டு சுற்றிக்கொண்டது. அமரத்தில் குனிந்து, கத்தியால் ஒவ்வொரு இழையாக அறுக்கிறேன். படகோட்டி முதலில் அணியத்தில் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் அலையை எண்ணிக்கொண்டிருந்தார். வலை அறுந்து, நங்கூரத்தைத் தூக்கி, எஞ்சின் பிடித்ததும் உடனே உள்ளே விடவில்லை. பெரிய அலை போகட்டும் என்று வெளியிலேயே நின்று, அதன் முதுகில் ஏறி வந்தார். கரையில் கால் வைத்தபோது என் கட்டைவிரலில் பாதி நகம் இல்லை, அதுவரை எனக்குத் தெரியவும் இல்லை.

ஓசூர்: நீச்சல் தெரிந்தவருக்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டுமா?

வேண்டும். 2011 டிசம்பர் 25-ல் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள், லைஃப் ஜாக்கெட் போடாமல். போட்டால் மட்டும் போதாது, பக்கிளை மாட்டுங்கள். தோள்பட்டையில் பிடித்துத் தூக்கினால் மோவாய்க்கு மேல் ஏறக்கூடாது. ஏறினால் தண்ணீரில் அது மட்டும் மிதக்கும்.

ஊட்டமலை: நாங்கள் பரிசல்காரர்கள், ஐந்தருவிச் சுழலையே பார்த்தவர்கள். கடல் எல்லாம் எங்களுக்கு ஒரு விஷயமா அண்ணா?

வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். பரிசல் வட்டம். முன் பின் கிடையாது. அடி தட்டையாக அகலமாக இருப்பதால் நீர்ப்பரப்பு எப்படிச் சாய்கிறதோ அப்படியே சாயும். ஆற்றில் அது பலம். உடையும் அலையில் அதுவே எமன். அலை சாய்க்கும்போது கூடவே சாய்ந்து கவிழும்.

மறுபடி ஊட்டமலை: ஒற்றைத் துடுப்பில் சுழலைத் தாண்டுகிறோம். எஞ்சின் வைத்துக்கொண்டு பயப்படுகிறவர் பேசக்கூடாது.

உங்கள் கையை நான் குறை சொல்லவில்லை. எங்கப்பா கையும் அதே கைதான். ஆனால் ஆற்றுக்கு இரண்டு கரை உண்டு. துடுப்பு நழுவினாலும் எங்காவது பாறையில் ஒதுங்கலாம். காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் தண்ணீர் ஏறினால் கலெக்டர் பரிசலை நிறுத்திவிடுவார். கடலில் யார் நிறுத்துவார்கள்?

பென்னாகரம்: பரிசல்காரர் சொல்வதும் சரிதானே? பயிற்சிதானே முக்கியம்?

நீங்களுமா! சரி, பயிற்சிதான் முக்கியம். கடலில் எடுத்த பயிற்சி.

காவேரிப்பட்டணம்: படகில் வாந்தி வராமல் இருக்க?

பெயரில் மட்டும் பட்டணம் வைத்திருக்கிற ஊர்க்காரருக்கு வணக்கம்! காலையில் இரண்டு இட்லி போதும், வெறும் வயிறு ஆகாது. புகை அடிக்காத பக்கம் உட்கார்ந்து அடிவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

பர்கூர்: படகில் எல்லோரும் நின்று போட்டோ எடுக்கலாமா?

தேக்கடியில் 2009 செப்டம்பர் 30-ல் எல்லோரும் ஒரே பக்கம் போனதில் படகு சாய்ந்து 45 பேர் இறந்தார்கள். உட்கார்ந்து எடுங்கள்.

தேன்கனிக்கோட்டை: வாடகை எவ்வளவு இருக்கும்?

கிருஷ்ணகிரிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மொரப்பூர்: ராமேஸ்வரத்தில் படகு எடுத்துக் கச்சத்தீவு பார்க்கலாமா?

கூடாது. அது இலங்கை எல்லை.

பாலக்கோடு, மறுபடி: நடுவில் எஞ்சின் நின்றால் யாரைக் கூப்பிடுவது?

1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமம், 1554 கடலோரக் காவல்படை. ஏறுமுன் போனில் ஏற்றிவையுங்கள். கரையில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். அப்புறம், மதியத்துக்குள் கரை.

காரிமங்கலம்: அண்ணா, வாடகை…

பலகை!

ஊட்டமலை, கடைசியாக: பரிசலை லாரியில் ஏற்றிக்கொண்டு பரங்கிப்பேட்டை வருகிறேன். முகத்துவாரத்தைத் தாண்டிக் காட்டுகிறேன்.

வாருங்கள். ஆற்றுப்பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றுங்கள், நானும் ஏறுகிறேன், பரிசலில் உட்கார்ந்து பல வருடம் ஆயிற்று. முகத்துவாரம் பக்கம் திருப்பினால் இறங்கிக்கொள்வேன்.