பல கோடி கொடுத்து ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் அதில் எதைப் பார்த்து வாங்குகிறார்கள்? வெறும் பந்தாதானே?

பந்தாவும் உண்டு. அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் கேள்வியில் நீங்கள் போட்டிருக்கும் 'வெறும்' என்ற சொல் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை.

ஏதோ ஒரு சிக்னலில் மஞ்சள் கலரில் ஒன்று உறுமிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு, 'இவனுக்கெல்லாம் எங்கிருந்து இவ்வளவு காசு' என்ற எரிச்சலில் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டேன். எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். ஐடிஐ முடித்துவிட்டு 2009 முதல் 2020 வரை துபாயில் அல் கூஸ் பகுதியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தேன். அப்படி ஒரு கார் என் பெயரில் இருந்ததில்லை. "சொந்தமாக வைத்திருக்காதவனுக்கு என்ன தெரியும்" என்று யாராவது கேட்கக்கூடும். வாங்கினவர்கள் காரை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பது ஷோரூமில் விற்பவருக்குத் தெரியாது, மெக்கானிக்குக்குத் தெரியும். பிரேக் தேய்ந்திருப்பதைப் பார்த்தாலே ஓட்டுகிறவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவோம்.

முதலில் வேகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத்தான் காரணம் என்று நினைக்கிறார்கள். இன்றைக்கு வேகம் மலிந்துவிட்டது. டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் ஆயிரம் ஹெச்பிக்கு (குதிரைத்திறன்) மேல் உள்ள நாலு கதவு மின்சாரக் கார், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடலாம். சிக்னலில் பச்சை விழுந்தால் பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கார்களை அது பின்னால் விட்டுவிடும். வேகத்துக்காகத்தான் வாங்குகிறார்கள் என்றால் போர்ஷேவும் ஃபெராரியும் இந்நேரம் கடையைச் சாத்தியிருக்க வேண்டும்.

நடந்தது வேறு. 2013இல் போர்ஷே புது 911 ஜிடி3 மாடலைக் கொண்டுவந்தபோது, கையால் கியர் போடும் வசதியையே எடுத்துவிட்டது. பிடிகே என்ற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். அது மனிதக் கையைவிட வேகமாக கியர் மாற்றும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பழைய வாடிக்கையாளர்கள் முகத்தைச் சுளித்தார்கள். 2016இல் அதே கம்பெனி 911 ஆர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 500 ஹெச்பி, ஆறு கியர், கிளட்சை மிதித்துக் கையால்தான் மாற்ற வேண்டும். மொத்தம் 991 கார்கள்தான் செய்தார்கள். வாங்கியவர்கள் சில மாதங்களிலேயே வாங்கிய விலையைப்போல இரண்டு மூன்று மடங்குக்கு விலை சொன்னார்கள். மெதுவாக கியர் மாறும் காருக்கு அதிக விலை! அடுத்த வருஷமே ஜிடி3யிலும் மேனுவல் கியர் திரும்ப வந்தது. காசு உள்ளவர்கள் எதற்குக் கொடுக்கிறார்கள் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி தெரியாது. கைக்கும் காலுக்கும் வேலை வேண்டும், செய்த வேலைக்கு வண்டி பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கொடுக்கிறார்கள்.

சத்தமும் அந்தப் பதிலில் ஒரு பகுதி. லெக்ஸஸ் எல்எஃப்ஏ என்று ஒரு கார், மொத்தம் 500தான் செய்தார்கள். பத்து சிலிண்டர் எஞ்சின். சும்மா நின்று ஓடுகிற நிலையிலிருந்து 9000 ஆர்பிஎம்முக்கு (நிமிஷத்துக்கு அத்தனை சுற்று) 0.6 விநாடியில் ஏறிவிடும். சாதாரண முள்ளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்பதால் மீட்டரையே டிஜிட்டலாக வைத்தார்கள். சத்தத்தைச் சரிசெய்யும் பொறுப்பு யமஹாவிடம் போனது. அவர்கள் பியானோ செய்கிறவர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எங்களிடம் ஒரு லெபனான்காரர் வருவார். பல் டாக்டர், அறுபதை நெருங்கிய வயது. 1995 மாடல் 911 வைத்திருந்தார், 993 என்று நாங்கள் சொல்லும் தலைமுறை. காற்றால் எஞ்சினைக் குளிரவைக்கும் கடைசித் தலைமுறை அது. அடுத்து வந்ததிலிருந்து தண்ணீர்தான். வெறும் 272 ஹெச்பி. அதே ஒர்க்‌ஷாப்பில் 700 ஹெச்பி லம்போர்கினி நிற்கும். அதன் சொந்தக்காரர் இரண்டு வருஷத்தில் ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டியிருக்க மாட்டார். பேட்டரி செத்து, டயர் ஒரே இடத்தில் நின்று தட்டையாகி லாரியில் ஏறி வரும். நீங்கள் சொல்லும் பந்தா அதுதான். அப்படிப்பட்டவர்களும் உண்டு என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். டாக்டரின் கார் ஒரு நாளும் லாரியில் வந்ததில்லை. 15 வருஷம் சேர்த்துவைத்து வாங்கினதாகச் சொல்வார்.

2014இல் அதற்கு ஆயில் கசிவு. வால்வு கவர் கேஸ்கெட், அந்த எஞ்சினில் வழக்கமாக வருவதுதான். மாற்றிக் கொடுத்தேன். "கசிகிறதா என்று மலையேற்றிப் பார்த்தால்தான் தெரியும், நீயும் வா" என்றார். வெள்ளிக்கிழமை, அப்போதெல்லாம் அங்கே விடுமுறை. விடியற்காலை நாலரைக்கு நான் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப் வாசலுக்கே வந்துவிட்டார். அல் ஐனுக்குப் பக்கத்தில் ஜெபல் ஹஃபீத் என்று ஒரு மலை. அடிவாரத்திலிருந்து உச்சிவரை 11 கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து போகும் பாதை, நல்ல அகலம், விளக்குப் போட்டிருப்பார்கள்.

அவர் ஓட்டிக்கொண்டு ஏறினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆயில் வாடை வருகிறதா என்று மோந்துகொண்டிருந்தேன். உச்சியில் நிறுத்திவிட்டு இறங்கி வந்து என் பக்கக் கதவைத் திறந்தார். "நீ ஓட்டு. மலையடிவாரம் வரை போய் மறுபடி ஏறு. எனக்கு என்ன கிடைக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். அப்போதுதான் என் காரை ஒழுங்காகப் பார்ப்பாய்" என்றார்.

என்னிடம் அந்த ஊர் லைசென்ஸ் இருந்தது. ஆனாலும் கை நடுங்கியது. சாவி ஸ்டீயரிங்குக்கு இடது பக்கம். பெடல்கள் மேலிருந்து தொங்காமல் தரையிலிருந்து முளைத்திருக்கும். கதவைச் சாத்தினால் தகரச் சத்தம் வராது, இரும்புப் பெட்டியின் தாழ் விழுகிற மாதிரி ஒரே ஒரு 'ணக்'. எஞ்சின் பின் சக்கரத்துக்கும் பின்னால் இருப்பதால் அந்தக் காரில் ஒரு ஆபத்து உண்டு. வளைவுக்குள் நுழைந்தபின் பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், பாரம் முன்னால் சாய்ந்து பின்பக்கம் வீசிவிடும். அதனால் டாக்டர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டே வந்தார்: "வளைவுக்கு முன்னால் பயப்படு, வளைவுக்குள் பயப்படாதே."

நாலைந்து வளைவு தாண்டியதும் எனக்குப் பிடிபட்டது. ரோட்டில் சின்னதாக ஒரு ஒட்டு இருந்தால்கூட அது ஸ்டீயரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்தது. முன் டயர் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது, எப்போது விடப்போகிறது என்பது விரலில் தெரிந்தது. நான் 60, 70இல்தான் போனேன். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத நேரம் அது. ராத்திரி பகல் எந்நேரமும் மனசு அங்கேயேதான் கிடக்கும். அந்த 11 கிலோமீட்டர் ஏறி முடிக்கும்வரை அது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. உச்சியில் இறங்கியபிறகுதான் வந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். டாக்டரும் எதுவும் கேட்கவில்லை. நாள் முழுக்க அடுத்தவர் வலியோடு இருக்கிற மனுஷர், வெள்ளிக்கிழமை காலையில் எதற்காக இவ்வளவு தூரம் வருகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"பணக்காரனுக்கு ஜால்ரா போடுகிறான்", "அந்தக் காசில் எத்தனை பேருக்குச் சோறு போடலாம்" என்று சிலருக்குத் தோன்றும். நியாயமான கேள்விதான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் வாங்கச் சொல்லவும் இல்லை. எதைப் பார்த்து வாங்குகிறார்கள் என்று கேட்டதற்கு, பார்த்ததைச் சொல்கிறேன்.

இன்னொன்று, இந்தக் கார்களில் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் வேலை சுத்தமாக இருக்கும். ஜிடி3யில் சக்கரத்துக்கு ஐந்து நட்டு கிடையாது, நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் நீலம், மாறிவிடக்கூடாது. அதைக் கழற்றி மாட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே பிரேக்கை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் இறுக்கும் விசையை அளந்து காட்டும் நீளமான டார்க் ரென்ச்சை வைத்து 600 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். நம் ஊர்ச் சின்னக் காரின் ஒரு வீல் நட்டுக்கு 100 சுமார்தான். 600க்கு இறுக்கி, கால் சுற்று தளர்த்தி, மறுபடி 600க்கு இறுக்கி, நடுவில் உள்ள பூட்டு வெளியே வந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். தொடாமல் வண்டியை வெளியே விடமாட்டோம். என் மச்சான் ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் "கார் துடைக்கிற வேலை" என்று என் வேலையைச் சொன்னார். அன்றைக்கு எனக்கு இந்த நட்டுதான் ஞாபகம் வந்தது. அதை அவருக்கு எப்படி விளக்குவது?

அபூர்வம் என்பதும் ஒரு காரணம்தான். ஃபெராரி 2024இல் உலகம் முழுக்கக் கொடுத்த கார்கள் 13,752. மாருதி மூன்று நாளைக்குள் அதைத் தாண்டிவிடும். லாஃபெராரி போன்ற சிலவற்றைக் காசு இருந்தாலும் போய் வாங்க முடியாது, கம்பெனி அழைத்தால்தான் உண்டு. மறுவிற்பனை விலையும் இதனால் விழாமல் நிற்கிறது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. இப்போது ஊரில் பைபாஸ் ஓரம் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஜிடி3யில் ஒரு பட்டனை அழுத்தினால் முன்பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு மேட்டைத் தாண்டும். நம் ஊர் வேகத்தடைக்கு அந்தத் தூக்கலும் போதாது. சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு இருக்கிறது: உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், மேலே வண்ணக்கோடு, முன்னால் எச்சரிக்கைப் பலகை. எங்கள் தெருமுனையில் இருப்பது சுவர் மாதிரி நிற்கிறது, அகலம் இரண்டு அடி, பெயின்ட் கிடையாது. போன ஐப்பசி மழையில் ராத்திரி என் வாடிக்கையாளர் ஒருவர் ஸ்கூட்டரில் வந்து அதில் ஏற, பின்னால் இருந்த அவர் மனைவி தூக்கி எறியப்பட்டுத் தோள் எலும்பு முறிந்தது. மனு கொடுத்தேன், "பார்க்கிறோம்" என்றார்கள். பெயின்டாவது அடியுங்கள் என்று இரண்டு தடவை நேரில் போய்க் கேட்டேன். கடைசியில் நானே வெள்ளை பெயின்ட் வாங்கி அடித்தேன். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனால் கோடி ரூபாய்க் காரை விடுங்கள், ஐம்பதாயிரம் ரூபாய் ஸ்கூட்டரில் போகிறவருக்கும் ரோடு பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

டாக்டர் 2018இல் ஊருக்குத் திரும்ப முடிவு செய்து காரை விற்கக் கிளம்பினார். அதற்குள் அந்தத் தலைமுறைக் கார்களின் விலை நன்றாக ஏறியிருந்தது. முதலில் வந்தவர் பெரிய வியாபாரி, பணம் தயாராக வைத்திருந்தார். டாக்டர் சாவியைக் கொடுக்காமல், "ஆயில் அளவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். வந்தவர் பின்மூடியைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவினார். காய்ந்துபோய் வந்தது. "ஆயிலே இல்லை, எஞ்சின் போயிருக்கும், விலையைக் குறைங்கள்" என்றார்.

அந்தக் காரில் ஆயில் எஞ்சினுக்குள் தங்காது, தனித் தொட்டியில் இருக்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறி, சமதளத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். நிறுத்தி ஆறவைத்துப் பார்த்தால் தொட்டியில் ஆயில் இறங்கிக் குறைவாகத்தான் காட்டும். அது தெரியாமல் ஊற்றினால் நிரம்பி வழிந்து புகை கக்கும். டாக்டர் எதையும் விளக்கவில்லை. "மன்னியுங்கள், விற்பதாக இல்லை" என்று மூடியைச் சாத்தினார்.

இரண்டு வாரம் கழித்து ஜோர்டான் நாட்டுப் பையன் ஒருவன் வந்தான், இன்ஜினியர், முப்பது வயது இருக்கும். அவன் சொன்ன தொகை அந்த வியாபாரி சொன்னதைவிடக் கணிசமாகக் குறைவு. ஆயில் அளவை நீங்களே பாருங்கள் என்று டாக்டர் அவனிடமும் அதே வார்த்தையைச் சொன்னார். பையன் சாவியைக் கேட்டு வாங்கினான். இருபது நிமிஷம் எங்கள் தெருவைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்து, தரை மட்டமாக இருந்த இடத்தில் நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. இறங்கி வந்து மூடியைத் திறந்தவன், அந்தச் சத்தத்துக்கு மேலே என்னைப் பார்த்துக் கையை நீட்டினான்: "அண்ணா, துடைக்க ஒரு துணி இருக்குமா?" என்று அரபியில்.

டாக்டர் தன் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.