லவ் பேர்ட்ஸ் கூண்டு நாமளே கட்டலாமா, எந்தக் கம்பி வாங்கணும்?

கேள்வி: வணக்கங்க, திருச்செங்கோடு பக்கம், ஆடு மாடு வச்சிருக்கேன். பையன் லவ் பேர்ட்ஸ் ஆறு வாங்கிட்டு வந்துட்டான், மூணு ஜோடின்னு கடைக்காரர் சொன்னாராம். வேலிக்கு வாங்குன கம்பி வலையும் கோழி வலையும் மிச்சம் கெடக்கு, அதுலயே பெருசா ஒரே கூண்டா கட்டி மூணு ஜோடியையும் ஒண்ணா விட்டுடலாமா? இப்ப சின்னக் கூண்டுல இருக்குதுங்க, முட்டைய பானைல இருந்து தள்ளி உடைச்சுப் போடுது. தோப்புல விழுந்து கெடந்த பச்சக்கிளிக் குஞ்சு ஒண்ணும் இருக்கு, அதையும் இதுலயே விடலாமா?

பதில்: அண்ணா, அந்த ரெண்டு வலையும் வேண்டாங்க, ஆட்டுப்பட்டிக்கே வச்சுக்கங்க. வேலி வலைக்கு கண்ணு பெருசு, பறவையே வெளிய போயிடும். கோழி வலைய கம்பிய முறுக்கி முறுக்கிப் பின்னியிருப்பாங்க, அந்த முறுக்குல நகம் மாட்டிக்கிச்சுன்னா பறவை தலகீழா தொங்கி பதறிப் பதறியே கால ஒடிச்சுக்கும், அது போக ஒரு இஞ்ச் கண்ணுல சுண்டெலி ஈஸியா உள்ள பூந்துடும், எலி வந்த எடத்துக்கு பாம்பு வராம இருக்குமா.

ஹார்டுவேர் கடைல அரை இஞ்சுக்கு அரை இஞ்ச் ஜி.ஐ. வெல்டு மெஷ்னு கேளுங்க, 16ல இருந்து 18 கேஜ் போதும், ரெண்டு அடி அகல ரோல். கேஜ் நம்பர் ஏற ஏற கம்பி மெலிசாயிட்டே போகும், அதனால 22 கேஜ் கம்மி ரேட்டுன்னு கொடுத்தா வாங்காதீங்க. நம்மூர்ல லவ் பேர்ட்ஸ்னு விக்கற சின்னக் கிளி பட்ஜிஸ் தான், உங்க பையன் வாங்குனதும் அதுன்னு நெனச்சுத்தான் இத சொல்றேன், ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸா இருந்தா அலகு பலம் ஜாஸ்தி, 14 கேஜ் பாருங்க. பச்சை கலர் பிளாஸ்டிக் கோட்டிங் போட்ட மெஷ் பாக்க அழகாத்தான் இருக்கும், ஆனா கொத்தி உரிச்சுத் தின்னுரும், வேண்டாம்.

இப்ப முக்கியமான விஷயம், நிறைய பேர் இதுல தான் கோட்ட விடறாங்க. ஜி.ஐ. கம்பி மேல இருக்கறது துத்தநாகப் பூச்சு. புது மெஷ்ல வெல்டிங் ஜாயிண்ட் பக்கம் சொட்டு சொட்டா, பொடிப்பொடியா ஒட்டிட்டு இருக்கும், பறவை சும்மா இருக்காம நாள் முழுக்க கம்பியக் கடிச்சு நக்கிட்டே இருக்கும், அது உள்ள போய்ச் சேந்தா விஷம் தான். எச்சம் பச்சத் தண்ணியா போகும், தண்ணி நெறைய குடிக்கும், வாந்தி எடுக்கும், உப்பிக்கிட்டு ஒரு மூலைல உக்காந்துக்கும், சீக்குன்னு நெனச்சு நாம மருந்து ஊத்திட்டு இருப்போம், ஆனா காரணம் புதுக் கூண்டா இருக்கும். அதனால வெட்டறதுக்கு முன்னாடியே மெஷ்ஷ விரிச்சு வினிகர் ஊத்தி பிரஷ் போட்டு நல்லா தேய்ங்க, ஒட்டிட்டு இருக்கற சொட்டெல்லாம் தட்டி விடுங்க, நல்ல தண்ணில அலசி வெயில்ல காய வைங்க, கூண்டு கட்டி முடிச்சப்புறம் இன்னொரு தடவ. கடைல வாங்கும்போதே ஜாயிண்ட்டப் பாருங்க, வெல்டிங் பண்ணிட்டு அப்புறம் முக்கி எடுத்த மெஷ்ல ஜாயிண்ட் மேலயும் பூச்சு மூடியிருக்கும், பூச்சுப் போட்ட கம்பிய எடுத்து வெல்டு பண்ணதுல ஜாயிண்ட் கருகி இருக்கும், துரு மொதல்ல அங்க தான் ஏறும்.

ஒரு ஜோடிக்கு ரெண்டு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் வச்சுக்கங்க. ரெண்டு அடி ரோல்ல ஆறு அடி வெட்டி, ஒன்றரை அடிக்கு ஒரு மடிப்பா பலகை ஓரத்துல வச்சு மடிச்சா நாலு பக்கமும் வந்துரும், ரெண்டு தலப்புக்கும் ஒன்றரைக்கு ஒன்றரை துண்டு வேணும், அதுக்கு இன்னொரு மூணு அடி. ஆக ஒரு கூண்டுக்கு ஒன்பது அடி, மூணு கூண்டுக்கு 27 அடி. தலப்பு வெட்டுனதுல அரை அடி அகலத்துல ஒரு பட்டை மிஞ்சும் பாருங்க, அதுல கதவு வெட்டிக்கலாம், அஞ்சு இஞ்ச் வாசலுக்கு ஆறு இஞ்ச் கதவு. ஜாயிண்ட்ட ஜே கிளிப் (ரெண்டு கம்பியச் சேத்து நெருக்கிப் பிடிக்கற சின்னத் தகடு) போட்டு அதுக்குன்னு இருக்கற பிளையர்ல மூணு நாலு இஞ்சுக்கு ஒண்ணா அடிங்க, கட்டுக்கம்பி போட்டா துருப்பிடிக்கும், முனையும் குத்தும். வெட்டுன எடத்துல நீட்டிட்டு இருக்கற கம்பிய ஒட்ட நறுக்கி அரம் போட்டுருங்க. அடில ரெண்டு இஞ்ச் விட்டு டிரே. ஸ்டாண்டு காலுக்கு தண்ணிக் கிண்ணம் வைக்க மறந்தா எறும்பு குஞ்சையே தின்னுரும்.

உக்கார வேப்பங்குச்சி, கொய்யாக்குச்சி ரெண்டு வைங்க, ஆனா ஆடக் கூடாது, குச்சி ஆடுச்சுன்னா சேர்றப்ப பிடிமானம் இல்லாம போயி முட்டையெல்லாம் கூமுட்டையாப் போகும்.

ஒண்ணா விடறதப் பத்தி கேட்டீங்க, முட்ட உடையறதுக்கே அது தான் காரணமா இருக்கும். பொட்டைங்க பானைக்கு சண்டை போடும், ஒண்ணோட பானைல இன்னொண்ணு பூந்து முட்டையத் தள்ளி விடும். கடைக்காரர் சொன்ன மூணு ஜோடியும் ஜோடி தானான்னு மொதல்ல பாருங்க, அலகுக்கு மேல மூக்கு கிட்ட இருக்கற சதை நீலமா இருந்தா ஆண், காப்பிக் கலரா இருந்தா பொட்டை, மஞ்சள் வெள்ளை வகைல ஆணுக்கும் ரோஸ் கலந்து இருக்கும், ஏமாந்துடாதீங்க. ஒரு கூண்டுக்கு ஒரு ஜோடி, கூண்டுங்கள பக்கத்துல பக்கத்துல வைங்க, மத்ததுங்க சத்தம் கேட்டா தான் பட்ஜிஸ் நல்லா பிரீட் ஆகும், நடுவுல ரெண்டு இஞ்ச் இடைவெளி விடுங்க, இல்லன்னா கம்பி வழியா வெரலக் கடிச்சுக்கும்.

பானை மேல் மூலைல, உள்ள கொஞ்சம் மரச்சுருள் போடுங்க, வழுக்குற தளத்துல குஞ்சுக்கு கால் அகண்டு போயிரும். தினையோட கடல் நுரை (கணவாய் மீனோட ஓடு) ஒரு துண்டு எப்பவும் தொங்கட்டும், நாட்டு மருந்துக் கடைல கிடைக்கும், சுண்ணாம்புச் சத்து இல்லன்னா பொட்டைக்கு முட்ட உள்ளயே சிக்கிக்கும். ஒரு வயசாவது ஆகாம பானையே கட்டாதீங்க. ஒண்ணு விட்டு ஒரு நாள்னு நாலஞ்சு முட்ட வைக்கும், 18 நாள்ல பொரியும், ஒரு மாசத்துக்கு மேல ஆனா குஞ்சு பானைய விட்டு வரும். ரெண்டு ஈத்து எடுத்துட்டு பானைய கழட்டிருங்க. ஏப்ரல் மே வெயில்ல பானை வேண்டவே வேண்டாம்.

பச்சக்கிளி விஷயம் வேற. அது நம்ம காட்டுப் பறவை, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வீட்ல வச்சிருக்கறதே குற்றம், பட்ஜிஸ் கூட விடவும் கூடாது, கடிச்சே கொன்னுரும். பக்கத்து வனத்துறை ஆபீஸ்ல நீங்களே கொண்டு போய்க் கொடுத்துருங்க.