தாத்தாவின் மருந்துப் பெட்டியில் பாஷாணமா?

கேள்வி: பாபநாசம் பக்கம் எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது பரணில் தாத்தாவின் மருந்துப் பெட்டி கிடைத்தது. நாட்டு வைத்தியம் பார்த்தவர். உள்ளே தகடு தகடாக உரியும் மஞ்சள் கல், சிவப்பாக ஒரு கட்டி, வெள்ளையாக ஒரு கட்டி, மருந்து அரைக்கும் கல்வம். வெள்ளையைப் பொடித்துத் தவிட்டில் பிசைந்து எலிக்கு வைக்கலாம் என்கிறார் சித்தப்பா. எல்லாவற்றையும் ஆற்றில் விட்டுவிடு என்கிறார் அம்மா. என்ன செய்யட்டும்?

பதில்: இரண்டும் வேண்டாம். அடுப்பில் போட்டு எரிப்பது அதைவிட மோசம். எழும் புகையே விஷம்.

மஞ்சள் அரிதாரமாகவும் சிவப்பு மனோசிலையாகவும் இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டும் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தவை. கூத்துக்காரர்கள் ஒரு காலத்தில் முகத்துக்குப் பூசியது இந்த அரிதாரத்தைத்தான். தண்ணீரில் எளிதில் கரையாது என்பதால் ஓரளவு சாது. ஆனால் வெளிச்சம் பட்டுப் பட்டு மனோசிலை மஞ்சள் பொடியாக உதிரும். நாள்பட நாள்பட இரண்டின் மேலும் வெள்ளைப் பாஷாணம் என்ற கொடிய ஆர்சனிக் விஷம் பூக்கக்கூடும். பெட்டியின் அடியில் தூசி இருந்தால் ஊதித் தட்டாதீர்கள்.

எனக்குக் கவலை அந்த வெள்ளைக் கட்டிதான். அது நவச்சாரமாகவோ, பாதரசம் சேர்ந்த வீரம் என்ற சரக்காகவோகூட இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வெள்ளைப் பாஷாணம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேதியியலில் ஆர்சனிக் ட்ரையாக்சைடு. மணம் கிடையாது, சுவையும் இல்லை என்றே சொல்லலாம். சுமார் 100 மில்லிகிராம், அதாவது ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு, ஆளைக் கொல்லப் போதும். தவிட்டில் கலந்து வைத்தால் கோழியும் நாயும் தின்னும், தவழும் குழந்தையும் எடுக்கும். எலிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி என்ற மூங்கில் பொறி இருக்கவே இருக்கிறது, சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

‘தாத்தா கொடுத்து யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே’ என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். ஆர்சனிக் மெல்ல ஏறினால் உள்ளங்கை தடிக்கும், தோலில் மழைத்துளி தெறித்ததுபோல் புள்ளிகள் வரும், பல வருஷம் கழித்துத் தோலிலோ நுரையீரலிலோ சிறுநீர்ப்பையிலோ புற்றுநோய் வரலாம். அதை மருந்தோடு யார் முடிச்சுப் போட்டிருப்பார்கள்? இதே ட்ரையாக்சைடு ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு நல்ல மருந்து என்பதும் உண்மைதான். ஆனால் அதை ஆஸ்பத்திரியில் கிலோ எடைக்கு 0.15 மில்லிகிராம் என்று கணக்குப் பார்த்து நரம்பில் ஏற்றி, இதயத் துடிப்பை ஈசிஜியில் கவனித்துக்கொண்டே இருப்பார்கள்.

இனி ஆற்றில் விடும் யோசனை. ஆர்சனிக் ஒரு தனிமம். மக்கிப் போகாது, எத்தனை வருஷமானாலும் ஆர்சனிக்காகவே இருக்கும். அதிலும் நம் ஊர் நெல் வயல் அதற்குத் தோதான இடம். தண்ணீர் கட்டி நிற்கும் சேற்றில் ஆக்சிஜன் குறைந்ததும், மண்ணில் ஒட்டியிருக்கும் ஆர்சனிக் கரைந்து வெளிவரும். மணிச்சத்தோ தழைச்சத்தோ போல நெல்லுக்கு மணற்சத்தும், அதாவது சிலிக்காவும், நிறைய வேண்டும். அதை உறிஞ்சும் வழியிலேயே வேர் ஆர்சனிக்கையும் இழுத்துக்கொள்ளும். அப்புறம் அரிசிக்கு வரும். வாய்க்கால், கிணறு, குப்பைமேடு, எருக்குழி எதிலும் போடக் கூடாது என்பது இதனால்தான்.

கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, கட்டிகளை உடைக்காமல் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி, மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். மேலே ‘விஷம்’ என்று பெரிதாக எழுதிப் பூட்டி வையுங்கள். பெட்டியை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் டப்பாவிலேயே போட்டுவிடுங்கள். பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள். கொஞ்சம் அலைச்சல்தான்.

யாராவது வாயில் வைத்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ‘பாஷாணமாக இருக்கலாம்’ என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், முறிமருந்து உண்டு.

கடைசியாக, கல்வம். கழுவி, நினைவாக அலமாரியில் வைக்கலாம். மிளகு அரைக்க மட்டும் எடுக்காதீர்கள், கல்லின் நுண்துளைகளில் எது தங்கியிருக்கிறது என்று தெரியாது.