இதழ் வடிவமைப்பும் ஆசிரியப் பணியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீண்ட காலமாக இதழ்களில் பக்க வடிவமைப்பாளராக இருக்கிறேன். இப்போது ஒரு கல்லூரியில் வரைகலை வடிவமைப்பு கற்பிக்க அழைக்கிறார்கள். போனால் தொழிலைக் கைவிட்டவன் ஆகிவிடுவேனோ என்று தயங்குகிறேன். மென்பொருளையெல்லாம் மாணவர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தயங்காமல் போங்கள். அலெக்ஸி பிரோடோவிச் 1934 முதல் 1958 வரை அமெரிக்க நாகரிக உடை இதழான ‘ஹார்ப்பர்ஸ் பஜா’ரின் கலை இயக்குநராக இருந்தார். அதே ஆண்டுகளில் வகுப்பும் நடத்தினார். புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடான் அந்த வகுப்பில் பயின்றவர்.

ஆனால் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டியவர் சிபி பினெலஸ் என்று நினைக்கிறேன். ‘செவன்டீன்’, ‘சார்ம்’ என்ற அமெரிக்க இதழ்களின் கலை இயக்குநராக இருந்தவர். ‘செவன்டீன்’ பதின்பருவப் பெண்களுக்கான இதழ். அதன் கதைகளுக்குப் படம் வரைய பென் ஷான் போன்ற ஓவியர்களை அழைத்தார். அவர்களிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: கண்காட்சியில் உங்கள் மற்ற ஓவியங்களோடு மாட்டிவைக்கும் தரத்தில் இது இருக்க வேண்டும். 1960களில் நியூயார்க்கின் பார்சன்ஸ் கல்லூரிக்குக் கற்பிக்கச் சென்றார். அங்கே பயிற்சிக்காகப் போலிப் பக்கங்கள் செய்ய வைக்காமல், மாணவர்களைக் கொண்டு கல்லூரி ஆண்டு மலரையே உருவாக்கினார். ஓர் ஆண்டு மலர் முழுக்க ரொட்டியைப் பற்றியது! எழுத்து, படம், அச்சு எல்லாவற்றையும் மாணவர்கள் எதிர்கொண்டார்கள்.

உங்கள் கேள்விக்கும் இதில்தான் பதில் இருக்கிறது. மாணவர்கள் ஒற்றைச் சுவரொட்டியை அழகாகச் செய்துவிடுவார்கள். 64 பக்கங்களை வாசகர் புரட்டிக்கொண்டு போகும்போது எங்கே வெற்றிடம் வேண்டும், எங்கே படம் பக்கத்தை நிறைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. கட்டுரை 200 சொற்கள் நீண்டுவிட்டால் படத்தை வெட்டுவதா, இதழாசிரியரிடம் போய் வாதாடுவதா? ஃபாரம் ஃபாரமாக, அதாவது ஒரே பெரிய தாளில் பல பக்கங்கள் சேர்ந்து அச்சாகும் இதழில் ஒரே ஒரு பக்கத்தை ஏன் கூட்ட முடியாது? கடைசி நேரத்தில் எதிர்ப்பக்கத்துக்கு விளம்பரம் வந்தால் தலைப்பை என்ன செய்வது? இவற்றுக்கெல்லாம் உங்கள் கை யோசிக்காமலேயே விடை சொல்லும். அந்த விடையைச் சொற்களில் விளக்கும் வேலை இனிமேல்தான் தொடங்குகிறது. அது கடினமானது, உங்களையும் வளர்ப்பது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். இதழில் பக்கம் சரியில்லையென்றால் நீங்களே உட்கார்ந்து திருத்திவிடுவீர்கள். அச்சகம் காத்திருக்கும், வேறு வழியில்லை. வகுப்பில் அப்படிச் செய்தால் பக்கம் சரியாகிவிடும், மாணவர் எதையும் கற்றிருக்க மாட்டார். சுட்டியைத் தொடாதீர்கள். “இந்தப் பக்கத்தில் முதலில் எதைப் படிக்க வேண்டும்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

முதல் பருவத்திலேயே 32 பக்க இதழ் ஒன்றைத் திட்டமிடுங்கள். திரையில் ஒளிர்ந்த நீலம் தாளில் மங்கிப்போவதை அவர்கள் புரூஃபில், அதாவது சோதனை அச்சில், பார்க்கட்டும். இறுதி நாளைத் தள்ளிப்போடாதீர்கள். இதழாசிரியர் பொறுப்பை மாணவர்களில் ஒருவருக்கே கொடுங்கள். வடிவமைப்பவர்கள் அவரிடம் வாதாடிப் பழகட்டும்.

அன்புடன்.