"நான் எடுத்தா நீ குடிப்பியா?"

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் பள்ளிக்கூட நினைவுகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். போன வாரம் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்லத் தோன்றியது. என் மகள் ஆறாம் வகுப்பு. வகுப்பறையைப் பெருக்குவதற்குப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் முறை போட்டிருக்கிறார்களாம். "பையன்க ஏம்மா பெருக்கக் கூடாது?" என்று கேட்டாள். அடுப்படி வேலையில் இருந்தேன். "டீச்சர் சொன்னா செய்யணும், எதிர்த்துப் பேசாதே" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் அவள் எதுவும் கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது. நானும் அந்த வயதில் பெருக்கியவள்தான். மூலைமுடுக்கெல்லாம் சுத்தமாகப் பெருக்குகிறேன் என்று டீச்சர் பாராட்டியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் வந்ததில்லை. நீங்கள் எப்போது கேட்கத் தொடங்கினீர்கள்? மகளிடம் இப்போது நான் என்ன சொல்வது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

நான் கேட்கத் தொடங்கவில்லை. என்னிடம் ஒருத்தி கேட்டாள்.

1976. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளி. நான் ஐந்தாம் வகுப்பு. வகுப்பு மூலையில் மணல் பரப்பி அதன்மேல் ஒரு மண்பானை இருக்கும். காலையில் அடிபம்பில் தண்ணீர் அடித்து அதை நிரப்புவதும், கேட்கிறவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பதும் என் வேலை. வருஷத் தொடக்கத்தில் வாத்தியார் எங்களை வரிசையாக நிறுத்தி "நீ எந்தத் தெரு?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். நான் தெருப்பெயரைச் சொன்னதும், "சரி, பானை உன் பொறுப்பு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கையெழுத்து அழகாக இருப்பதால் என்னைப் போட்டிருக்கிறார் என்று வீட்டில் சொன்னேன்.

எந்தத் தெரு என்று கேட்டால் எங்கள் பக்கம் எந்தச் சாதி என்று அர்த்தம். பத்து வயதில் அது எனக்குத் தெரியாது என்று எழுத ஆசைதான். ஆனால் என் கைக்குத் தெரிந்திருந்தது. சிலருக்கு டம்ளரைக் கையில் கொடுப்பேன். சிலர் கையைக் குவித்துக்கொண்டு நிற்பார்கள், அவர்களுக்கு உயரத்திலிருந்து ஊற்றுவேன். யாருக்கு எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு நாளும் நான் மாற்றி ஊற்றியதும் இல்லை.

கையைக் குவித்துக் குடித்தவர்களில் ஒருத்தி என் உயிர்த்தோழி. கணக்கில் வகுப்பிலேயே முதல். எனக்கு வகுத்தல் வந்தது அவளால்தான்.

பொன்னுக்குவீங்கி வந்து ஒரு வாரம் நான் பள்ளிக்குப் போகவில்லை. திரும்பிப் போன அன்று பானை காய்ந்து கிடந்தது. மணலில்கூட ஈரம் இல்லை. "நீயாவது எடுத்து வச்சிருக்கலாமே?" என்றேன் அவளிடம்.

"நான் எடுத்தா நீ குடிப்பியா?"

கோபமே இல்லை அந்தக் குரலில். கணக்கில் நான் எங்கே தப்பு விட்டேன் என்று பார்க்கும்போது இருக்கிற அதே நிதானம். நான் பதில் சொல்லவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போய்விட்டேன்.

அன்று ராத்திரி ஆச்சியிடம் கேட்டேன், அவள் ஏன் எடுக்கக் கூடாது என்று. "ஏட்டி, அது அப்படித்தான். அந்தக் காலத்துலேர்ந்தே அப்படித்தான். இப்படி ஒருத்தரும் கேட்டதில்ல" என்றாள்.

ஆச்சி என் மேல் உயிரையே வைத்திருந்தவள். பொய் சொல்ல நினைத்திருக்க மாட்டாள். ஆனால் அவள் சொன்னது உண்மை இல்லை. ஆச்சி சிறுமியாக இருந்த 1924, 25ல், எங்கள் மாவட்டத்துச் சேரன்மாதேவியிலேயே கேட்டிருக்கிறார்கள். விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்கு மட்டும் தனியாகச் சோறு போட்டதைப் பற்றி அப்போது காங்கிரஸ் தலைவர்களாக இருந்த வரதராஜுலு நாயுடு கேட்டார், பெரியார் கேட்டார். தமிழ்நாட்டுக் காங்கிரஸே அதில் இரண்டுபட்டது. எங்கள் வீட்டுக்குள் மட்டும் அந்தச் செய்தி வரவே இல்லை.

அம்பேத்கர் தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியதைப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் தனியே உட்கார வேண்டும். தாகம் எடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும், பியூன் இல்லாத நேரத்தில் தண்ணீர் இல்லை. படிக்கிற யாருக்கும் அந்தச் சிறுவன் பக்கத்தில் போய் நிற்கத்தான் மனசு வரும். என்னால் முடியவில்லை. எங்கள் வகுப்பில் அந்தக் குழாயைத் திறந்த கை என்னுடையது.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் மகளின் கேள்வியைவிட உங்கள் டீச்சரின் பாராட்டு எனக்குப் பெரிதாகப் பட்டது. எனக்குக் கிடைத்தது ஒரு அதிகாரம், உங்கள் தலையில் விழுந்தது ஒரு வேலை. இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டையும் பெருமை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், நாமும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டோம். உங்களுக்குக் கேள்வி வராமல் போனதற்குக் காரணம் பயம் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பாராட்டுதான்.

அரையாண்டு விடுமுறை முடிந்து புது வாத்தியார் ஒருவர் வந்தார். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஆளுக்கு ஒரு நாள் பானை என்றார். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. என் தோழி தண்ணீர் எடுத்த அன்று முதல் டம்ளரை அவரே வாங்கிக் குடித்தார். மறுநாளிலிருந்து சில பிள்ளைகள் வீட்டிலிருந்து தூக்குவாளியில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நானும் கொண்டுபோனேன். அம்மா கொடுத்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. என் தோழி அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், எனக்குக் கணக்கும் சொல்லிக் கொடுத்தாள். மறுபடி அவள் முறை வந்த அன்று தூக்கை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். டம்ளரை நீட்டினாள். குடித்தேன். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

2023ல் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் தங்கையையும் கூடப்படித்தவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024ல் அறிக்கை கொடுத்தது. மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அதைப் படித்ததும் அந்த வாத்தியார் முகம்தான் ஞாபகம் வந்தது.

உங்கள் மகளிடம், "அன்னைக்கு நான் சொன்னது தப்பு, நீ கேட்டது சரி" என்று சொல்லுங்கள். பிறகு பள்ளிக்குப் போய், பதிவேட்டு வரிசைப்படி பையன்களையும் சேர்த்து முறை போடும்படி டீச்சரைக் கேளுங்கள். சண்டை வேண்டாம், தன்மையாகவே கேட்கலாம். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் கேட்பதை அவள் பார்க்க வேண்டும்.

டீச்சர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா